கதை பேசும் சிஸ்டர்

கரிசல் பக்கத்து ஊர் ஒன்றின் அரசு மருத்துவமனை, திங்கட்கிழமைக் காலை. ஞாயிறு முழுக்க வீட்டில் பொறுத்துக்கொண்டிருந்த காய்ச்சலும் கைகால் வலியும் மொத்தமாகக் கிளம்பி வந்து ஓ.பி. சீட்டு வாங்கியிருக்கின்றன. ஊசி அறைக்கு வெளியே இரண்டு பெஞ்சுகள். உட்கார்ந்திருப்பவர்களைவிடச் சுவரில் சாய்ந்து நிற்பவர்களே அதிகம். என்னோடு வந்தவரை எக்ஸ்ரே எடுக்க அனுப்பிவிட்டார்கள். அவர் படத்தோடு திரும்பும்வரை எனக்கு வேலையில்லை. ஊசி அறைக் கதவின் திரை ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடக்கிறது. உள்ளே மேசை, அதற்கு அப்பால் பச்சைத் துணி கட்டிய மறைப்புத் தட்டி, தட்டிக்குப் பின்னால் ஒரு கட்டில். தட்டி சின்னது. கட்டிலின் கால்மாடு அதைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பேசுவதெல்லாம் வராண்டா வரைக்கும் கேட்கிறது.

மேசைக்குப் பின்னால் சிஸ்டர். ஐம்பதைத் தாண்டியிருக்கும். மூக்கு நுனியில் கண்ணாடி. கையெட்டும் தூரத்தில் மூடி போட்ட ஸ்பிரிட் பஞ்சு டப்பா, உறை பிரிக்காத சிரிஞ்சுகள், நீடில் கட்டர், தனியாக ஒரு சின்ன ட்ரேயில் அவசரத்துக்கு அட்ரீனலின். ஊசிகளின் அடிப்பகுதி நிறம் நிறமாக இருக்கிறது. பச்சை என்றால் 21 கேஜ், நீலம் 23, ஊதா 24. எண் கூடக் கூட ஊசி மெலியும். நர்சிங் காலேஜ் பிள்ளைகள் இரண்டு பேர் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒருத்தி உயரம்; இன்னொருத்தி கண்ணாடிக்காரி.

வரிசை நகர்கிற மாதிரி தெரியவில்லை.

"ஒரு ஊசி குத்த எம்புட்டு நேரம்? உள்ள ஒக்காந்து கதை பேசிக்கிட்டிருக்கு அந்தம்மா," என்கிறார் ஒருவர், துண்டை உதறித் தோளில் போட்டபடி.

"நீரு சும்மா இரும். அந்தம்மா போட்டா வலிக்காது. போன மாசம் வேற ஒரு பிள்ளை போட்டுச்சு, மூணு நாளைக்குக் கையத் தூக்க முடியல," என்கிறாள் பக்கத்தில் நிற்கும் கிழவி. "கைராசின்னு ஒண்ணு வேணும்ல?"

வேறு வேலை இல்லாததால் அந்தக் கையைப் பார்க்க ஆரம்பிக்கிறேன்.

இப்போது ஸ்டூலில் இருப்பவள் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிற பெண். தகரம் கிழித்த உள்ளங்கைக்குக் கட்டுப் போட்டாயிற்று, டி.டி. ஊசிக்கு வந்திருக்கிறாள். உட்கார்ந்ததும் இடுப்பில் கையை ஊன்றித் தோளை விறைத்துக்கொள்கிறாள். சிஸ்டர் அந்தக் கையை எடுத்து அவள் மடியிலேயே போடுகிறார். "இந்தக் கை ஒன்னோடது இல்லைன்னு நெனச்சுக்கோ." தோள் இறங்குகிறது. விறைத்த தசையில் ஊசி இறங்கினால் வலி கூடும். தளர்ந்த தசை இடம் கொடுக்கும். பஞ்சால் துடைக்கிறார். துடைத்தவர் ஊசியை எடுக்கவில்லை.

"எந்த ஆபீசு தாயி?"

சொல்கிறாள்.

"அங்கனயா? மத்தியானம் சோத்துக்கு விடுவாகளா, இல்ல ஒக்காந்த எடத்துலயே சாப்புடணுமா?"

அவள் சோற்று நேரத்தைப் பற்றி, கணக்குப்பிள்ளையைப் பற்றி, குடிதண்ணீர் குடத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போகிறாள். பேச்சு பாதியில் இருக்கும்போதே ஊசி போட்டு முடிந்திருக்கிறது. "அவ்வளவுதான். தேய்க்காம லேசா அமுக்கிப் பிடி." அவள் தன் புஜத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கணக்குப்பிள்ளை கதையை விட்ட இடத்திலிருந்து தொடரப் பார்க்கிறாள். சிஸ்டருக்கு இப்போது அதில் துளியும் அக்கறை இல்லை.

"அடுத்த ஆளு. சட்டைக் கையைச் சுருட்டிக்கிட்டே வாங்க."

அடுத்தவர். பஞ்சு. "எந்த ஊரு? காலையில பஸ்ஸு ஒழுங்கா வருதா?" அதற்கடுத்தவர். பஞ்சு. "ஒங்க பக்கம் மழை உண்டா? உளுந்து போட்டாச்சா?" அப்போதுதான் எனக்குப் பிடிபடுகிறது. கேள்வி எப்போதும் ஒரே இடத்தில்தான் வருகிறது: பஞ்சு தோலை விட்டு வந்தபிறகு, ஊசி மூடியைக் கழற்றுவதற்கு முன்னால். ஸ்பிரிட் காய அரை நிமிஷம் வேண்டும். ஈரத்தோடு குத்தினால் ஊசி முனையோடு ஸ்பிரிட்டும் தோலுக்குள் போய்க் காந்தும். கிருமியும் முழுசாகச் சாகாது. அந்த அரை நிமிஷத்தை இந்த அம்மா கடிகாரம் பார்த்து எண்ணுவதில்லை. உளுந்து விதைத்த கதை அரை நிமிஷம் ஓடும். சொல்கிறவருக்கும் ஊசியை நினைத்துப் பயப்பட நேரமிருக்காது.

இதில் இன்னொன்றும் தெரிகிறது. காத்திருக்கிற இடங்களைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் இந்த அம்மாவுக்கு அசுர வேகம். ஒருவர் எழும்போதே அடுத்தவருடைய சீட்டு கைக்கு வந்திருக்கும். மருந்து எடுப்பது, நீடில் கட்டரில் ஊசியை நறுக்குவது, பதிவேட்டில் பெயரும் வயதும் மருந்தும் அளவும் சொல்லிக் கண்ணாடிக்காரியை எழுத வைப்பது எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் நடக்கிறது. அங்கே மிச்சம் பிடித்த நேரத்தைத்தான் இங்கே செலவழிக்கிறார். துண்டுக்காரரின் கண்ணுக்குச் செலவு மட்டும் தெரிகிறது.

மீசையும் காப்புமாக ஒருவர் உள்ளே போகிறார். லாரி ஓட்டுபவர், ஸ்பேனர் வழுக்கி மணிக்கட்டில் காயம். உட்காரும்போதே நெற்றியில் வேர்வை. சிரிஞ்சு உறை கிழிபடும் சத்தத்துக்கே முகம் வெளுக்கிறது. கண்ணாடிக்காரி சிரிப்பை அடக்குகிறாள். சிஸ்டர் சிரிக்கவில்லை.

"முன்னாடி எப்பவாச்சும் ஊசி போடயில மயக்கம் வந்திருக்கா?"

"ரெண்டு மூணு தடவ." அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத சின்னக் குரல்.

உடனே கட்டிலில் படுக்கவைத்தாயிற்று. தட்டிக்கு வெளியே பெரிய பாதங்கள் இரண்டு நீள்கின்றன.

"காலை இறுக்குங்க. தொடையையும் சேத்து. முகம் சூடாகுறாப்புல வந்ததும் விடுங்க. மறுபடி இறுக்குங்க. இந்தக் கையை மட்டும் எங்கிட்டக் குடுத்துருங்க, அது தொவண்டு கெடக்கட்டும்."

பாதங்கள் விறைத்துத் தளர்கின்றன, விறைத்துத் தளர்கின்றன. மற்றப் பயங்களில் ரத்த அழுத்தம் ஏறும். ஊசியையும் ரத்தத்தையும் கண்டு மயங்குகிறவர்களுக்கு அது சட்டென்று இறங்கிவிடும். பெரிய தசைகளை இறுக்கிப் பிடித்தால் இறங்காமல் தாங்கும். ‘ஆம்பளை இதுக்குப் போயா’ என்று தேற்றுவதால் ஆகிற காரியமில்லை. மீசைக்கும் இதில் வேலையில்லை.

"இப்ப ஒரு தடவ இருமுங்க. ம்... இன்னொரு தடவ."

இரண்டாவது இருமலோடு ஊசி இறங்கிவிட்டது போலிருக்கிறது. பாதங்களில் அசைவே இல்லை. இந்த இருமல் வித்தை கைவைத்தியம் மாதிரித் தோன்றும். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் தடுப்பூசி வலியைக் குறைக்கச் சொன்ன யோசனைகளில், பெரியவர்களுக்கென்று குறிப்பிட்டவற்றில் லேசாக இருமுவதும் மூச்சை அடக்குவதும் இருக்கின்றன.

"எந்திரிக்காதீங்க. பத்து நிமிஷம் அப்பிடியே கெடங்க."

கட்டில் பத்து நிமிஷத்துக்குப் போயிற்று. வராண்டாவில் சலசலப்பு.

மேசையில் உயரக்காரியின் முறை. நடுவயதுக்காரர் ஒருவர் கையை நீட்டிக் காத்திருக்கிறார். "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்ணே, வலிக்கவே வலிக்காது," என்று சொல்லிக்கொண்டே முனையைத் தோலில் வைக்கிறாள், ஒரு கணம் தயங்குகிறாள், அப்புறம் அழுத்துகிறாள். அவர் ‘ஸ்ஸ்’ என்று உறிஞ்சுகிறார். "எறும்பா இது? கட்டெறும்புல்ல!" வெளியே சிரிப்பு.

அவர் போனபிறகு சிஸ்டர் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். "வலிக்காதுன்னு சொல்லாத. வலிங்கிற பேச்சே ஒன் வாயில வர வேண்டாம். போடப் போறேன், மூச்ச விடுங்க — அம்புட்டுத்தான். வலிக்காதுன்னு சொல்லி வலிச்சுச்சுன்னா அடுத்த தடவ நீ உள்ளதச் சொன்னாலும் நம்ப மாட்டாக." ஒரு மூச்சு விட்டு, "அப்புறம் குத்துறப்பத் தயங்காத. ஊசி சட்டுன்னு போகணும், மருந்து மெதுவாப் போகணும். நீ ரெண்டையும் மாத்திப் பண்ணுற."

அந்த 2015 யோசனைகளிலும் இது உண்டு: பொய்யும் வேண்டாம், பயமுறுத்தலும் வேண்டாம், விருப்பு வெறுப்பில்லாத ஒரு சொல் போதும் என்று. சிஸ்டர் அதைப் படித்துத் தெரிந்துகொண்டாரோ, இத்தனை வருஷமாக ‘ஸ்ஸ்’ கேட்டுத் தெரிந்துகொண்டாரோ. எப்படியும் வந்துசேர்ந்த இடம் ஒன்றுதான்.

கெண்டைக்காலில் கட்டோடு ஒரு பெரியவர். நாய்க்கடி, மூன்றாம் நாள் ஊசி. ஸ்டூலில் உட்கார்ந்த கையோடு சட்டையை வயிற்றுக்கு மேலே தூக்கிவிட்டார்.

"எதுக்கு இது?" என்கிறார் சிஸ்டர்.

"தொப்புளச் சுத்திப் போடணும்ல தாயி? முத நாளு கையில போட்டாக. சரி, இன்னைக்குத்தான் வயித்துல போலன்னு..."

"யாரு சொன்னா?"

"எங்க அண்ணனுக்குப் பதினாலு போட்டாகளே!"

போட்டிருப்பார்கள். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து அது. குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் ஒரு காலத்தில் தயாரானது. நாள் தவறாமல் வயிற்றில் குத்திக்கொள்ள வேண்டும். 2004-ம் ஆண்டு இறுதியோடு இந்தியாவில் அதன் தயாரிப்பே நின்றுவிட்டது. பயத்துக்கு மட்டும் யாரும் தடைபோடவில்லை. இன்றைக்கும் நாய் கடித்த இடத்தைவிடத் தொப்புளைத்தான் முதலில் தடவிப் பார்த்துக்கொள்கிறார்கள். அதற்குப் பயந்து மந்திரிக்கப் போகிறவர்களும் இருக்கிறார்கள். வலியைக் குறைத்தால் மட்டும் போதாது. குறைந்துவிட்டது என்ற செய்தியும் ஊர் போய்ச் சேர வேண்டும்.

சிஸ்டர் அவருடைய சட்டையை இறக்கிவிட்டுத் தோள்பட்டைத் தோலை இழுத்துப் பிடிக்கிறார். மெல்லிய ஊசி, அதைக் குத்துகிற மாதிரியே பிடிக்கவில்லை. முனையின் வெட்டுவாய் மேலே பார்க்க, ஊசியைத் தோலோடு தோலாகப் படுக்கவைத்து நுழைக்கிறார். பொட்டளவுக்கு ஒரு கொப்புளம் எழும்புகிறது. கொப்புளம் எழும்பினால்தான் மருந்து தோலுக்குள்ளேயே தங்கியிருக்கிறது என்று அர்த்தம். 0.1 மில்லி. அந்தக் கையில் ஒன்று, இந்தக் கையில் ஒன்று.

"இன்னும் ஏழாம் நாளு, அப்புறம் இருபத்தெட்டாம் நாளு. அம்புட்டுத்தான்."

"இம்புட்டுத்தானா?" பெரியவருக்கு ஏமாற்றம் மாதிரிகூட இருக்கிறது. "ஆனா முத நாளு கடிவாயச் சுத்திப் போட்டீகளே, அது உசுர எடுத்துருச்சு தாயி."

"அது வலிக்கத்தான் செய்யும் பெரியவரே. கடிவாயிலயேதான் போடணும். அதுக்கு எங்ககிட்ட வழியில்ல." சமாதானம் எதுவும் சொல்லவில்லை. பெரியவர் தலையாட்டிக்கொண்டு எழுகிறார்.

ஒரு பெண் பிளாஸ்டிக் டப்பாவில் இன்சுலின் புட்டியும் சிரிஞ்சும் கொண்டுவந்து, கை நடுங்குகிறது, நீங்களே போட்டுவிடுங்கள் என்கிறாள். சிஸ்டர் அந்த ஊசியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். எத்தனை நாளாக இதையே வைத்துப் போடுகிறாய் என்றதற்கு அவள் விரல் மடக்கி எண்ணத் தொடங்குகிறாள். எண்ணி முடிக்கச் சிஸ்டர் விடவில்லை. பழைய ஊசியின் முனை மழுங்கிப்போகும். நடுக்கத்துக்குப் பாதிக் காரணம் அந்த முனைதான். புட்டியை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு, அதாவது எடுத்த குளிரோடு, போட வேண்டாம் என்றும், ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருக்க வேண்டாம் என்றும் சொல்லிப் புது சிரிஞ்சு பிரித்துக் கொடுத்து அனுப்புகிறார்.

துண்டுக்காரரின் முறை வந்துவிட்டது. சீட்டை நீட்டுகிறார். சிஸ்டர் முன்பக்கம் பார்க்கிறார், பின்பக்கம் பார்க்கிறார்.

"இதுல ஊசி எழுதலையே. மாத்திரைதான் குடுத்திருக்காரு. மாத்திரை வாங்குற எடம் அந்தப் பக்கம்."

"தெரியும்மா. காய்ச்சலு. மாத்திரைக்கெல்லாம் கேக்காது. நீங்களாப் பாத்து ஒண்ணு போட்டு விடுங்க."

இவ்வளவு நேரமும் இதற்குத்தான் நின்றிருக்கிறார். குத்தினால்தான் வைத்தியம் என்ற நம்பிக்கை நம் பக்கத்தில் ஆழமாக வேரோடியது; தனியார் கிளினிக்குகளில் அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்களும் உண்டு. ஊசி வலிக்கு ஆகச் சிறந்த மருந்து, தேவையில்லாத ஊசியைப் போடாமல் இருப்பது. அவரை அனுப்பிவைக்கச் சிஸ்டருக்கு ஊசி போடுவதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. வரிசையில் பின்னால் நின்ற கிழவி, "கதை பேசிக்கிட்டிருக்காரு பாரு," என்று உரக்கச் சொல்கிறாள்.

லாரிக்காரர் எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டார். கட்டில் காலி. இடுப்புப் பிடிப்புக்கு டிக்ளோஃபெனாக் எழுதிய ஒரு பெண்ணைத் தட்டிக்குப் பின்னால் அனுப்பிவிட்டு, சிஸ்டர் கண்ணாடிக்காரியைக் கூப்பிடுகிறார். "எங்க போடுவ?"

"புட்டத்தை நாலாப் பிரிச்சு, மேல் பக்கம், வெளிப் பக்கம் மேடம்."

"நானும் அப்பிடித்தான் படிச்சேன். இப்ப இதப் பாரு." உயரக்காரியை நிறுத்திவைத்து, வெள்ளைக் கோட்டுக்கு மேலேயே காட்டுகிறார். தொடை எலும்பு இடுப்போடு சேருகிற இடத்தில் பக்கவாட்டில் ஒரு முட்டு தட்டுப்படும், அதன்மேல் உள்ளங்கை. இடுப்பின் முன்பக்கம் துருத்துகிற எலும்பின் மேல் ஆள்காட்டி விரல். நடுவிரலைப் பின்னால் அகட்டினால் இரண்டு விரலுக்கும் நடுவே ஒரு முக்கோணம் கிடைக்கும். "அதுக்குள்ளதான். அவுகளுக்கு வலது பக்கம்னா ஒன் இடது கை, இடது பக்கம்னா வலது கை. வையி."

கண்ணாடிக்காரி வைக்கிறாள். விரல் சரியான எலும்பில் உட்காரவில்லை. சிஸ்டர் அந்த விரலைப் பிடித்து நகர்த்தி வைக்கிறார். வழக்கமான புட்டத்து ஊசி கொஞ்சம் இடம் தவறினால் சயாடிக் நரம்பில் பட்டுவிடும். பட்டால் பாதம் துவண்டுபோகிற ஆபத்து உண்டு. சிஸ்டர் காட்டுகிற இடத்தில் பெரிய நரம்போ பெரிய ரத்தக்குழாயோ இல்லை. கொழுப்பு மெல்லிசு, தசை தடிமன். இத்தனை இருந்தும் பெரும்பாலான இடங்களில் இன்னும் பழைய வழக்கம்தான் நடக்கிறது. விரல் வைத்து இடம் பார்க்கக் கொஞ்சம் நேரம் வேண்டுமல்லவா.

தட்டிக்குப் பின்னாலிருந்து ‘டப் டப் டப்’ என்று ஒரு சீரான சத்தம் வருகிறது. கண்ணாடிக்காரி விரல்களால் தட்டுகிறாள். வாய்க்குள் எண்ணுவதும் கேட்கிறது. பதினாறு. ஹெல்ஃபர் தட்டல் என்பார்கள். அமெரிக்க நர்ஸ் ஒருவர் பெயரில் வழங்குவது. ஊசி போடும் இடத்தைத் தாளமாகத் தட்டித் தசையைத் தளர்த்துவது. நம் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வேடுகளைப் புரட்டினால் இந்தத் தட்டல் பலமுறை வரும். காரணத்தை மெல்சாக், வால் என்ற இருவர் 1965-ல் எழுதிய கதவுக் கோட்பாட்டிலிருந்து எடுத்துச் சொல்வார்கள். தொடுவதையும் தட்டுவதையும் கொண்டுபோகும் நரம்பிழைகள் தடித்தவை. வலியைக் கொண்டுபோகிறவை மெலிந்தவை. இரண்டும் தண்டுவடத்தில் ஒரே வாசலில் வந்து நிற்கும்போது, தடித்தது முந்தினால் மெலிந்ததுக்குக் கதவு பாதி சாத்திக்கொள்கிறது. இடித்துக்கொண்ட முழங்காலை யாரும் சொல்லாமலே தேய்க்கிறோமே, அந்த விவகாரம்தான். இத்தனைக்கும் உலக சுகாதார நிறுவனம் தடுப்பூசி விஷயத்தில், தடவுவதற்கும் கிள்ளுவதற்கும் சான்று போதாது என்று அதே 2015-ல் ஒதுக்கிவைத்தது. ஆய்வேடுகளுக்கும் அதற்கும் உள்ள வழக்கு தீரட்டும். கட்டிலில் இருந்த பெண்ணுக்கு இதெல்லாம் தெரியாது. "ஏ பிள்ள, தட்டிக்கிட்டே இருக்கியே, எப்பத்தான் போடுவ?" என்கிறாள்.

"போட்டாச்சுக்கா."

"வெளயாடுறியா?"

கடைசியில் அந்தப் பையன். பையன் என்றாலும் இருபது வயதைத் தாண்டியவன்; சோதனை ஊசி போட்டுக்கொண்டு முன்கையைப் பார்த்தபடி என் பெஞ்சின் மறுகோடியில் அரை மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறான். சின்ன வயசில் வந்த தொண்டைப் புண் ருமாட்டிக் காய்ச்சலாகி, இதயத்து வால்வைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது. அது திரும்ப வராமலிருக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சத்தைன் பென்சிலின், 12 லட்சம் யூனிட். வால்வு பழுதானவர்கள் நாற்பது வயதுவரை, சிலர் ஆயுசு முழுக்க, போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். ஊசிகளிலேயே பேர்போன வலி இதற்கு. வலிக்குப் பயந்து ஒருமுறை தள்ளிப்போடுவார்கள், இன்னொருமுறை மறந்துபோவார்கள், வால்வு மறக்காது. ஆகவே இந்த ஒரு ஊசியில் வலியைக் குறைப்பது உபசாரம் இல்லை, அதுவே பாதி வைத்தியம்.

முன்கையில் தடிப்பு இல்லை. சிஸ்டர் எழுந்து நிற்கிறார். இதற்கு மட்டும் எழுகிறார். வெள்ளைத் தூள் இருக்கும் புட்டிக்குள் ஊசித்தண்ணீரைச் சுவரோரமாக இறக்குகிறார். குலுக்கவில்லை. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டுகிறார், நிறுத்தி வெளிச்சத்தில் பார்க்கிறார், மறுபடி உருட்டுகிறார். குலுக்கினால் நுரை கட்டும். கட்டி கரையாமல் நின்றால் ஊசி பாதியில் அடைத்துக்கொள்ளும், அடைத்தால் மறுபடி குத்த வேண்டும். நீர்த்த சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக, மூன்று நான்கு மில்லி, சிரிஞ்சுக்குள் ஏறுகிறது. ஏற்றிய ஊசியைக் கழற்றிப் போட்டுவிட்டு, பச்சை அடிப்பகுதி உள்ள புது ஊசியை மாட்டுகிறார்.

"அது நல்லாத்தான இருந்துச்சு மேடம்?" என்கிறாள் உயரக்காரி.

"ரப்பரக் குத்தின முனை. போதாததுக்கு வெளிப்பக்கம் மருந்து வேற ஒட்டியிருக்கும், போற வழியெல்லாம் காந்தும். ஒரு ஊசி என்ன விலை?"

இந்த மருந்துக்கு மெல்லிய ஊசி உதவாது, அடைத்துக்கொள்ளும். மெலிந்த ஊசி என்றால் வலி குறைவு என்ற கணக்கு இங்கே செல்லாது.

பையன் தட்டிக்குப் பின்னால் போய்க் குப்புறப் படுக்கிறான். பாதங்கள் மட்டும் வெளியே வருகின்றன. யாரும் சொல்லாமலே இரண்டு பெருவிரலும் உள்பக்கமாகத் திரும்பி ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன. அப்படி வைத்தால் புட்டத்துத் தசையை இறுக்க முடியாது, பழகினவன். தட்டிக்கு மேலே சிஸ்டரின் தலை.

"தோலை ஒரு இஞ்சு பக்கவாட்டுல இழுத்துப் பிடிக்கிறேன், பாரு. ஊசியை எடுத்தப்புறம்தான் விடணும். விட்டதும் போன வழி கோணலாகி அடைச்சிரும், மருந்து திரும்பி மேல வராது." பிள்ளைகளுக்குச் சொல்லி முடித்துவிட்டு, அவனிடம்: "ஒந்தங்கச்சிக்குப் பாத்த மாப்பிள்ள என்னாச்சு?"

பெரிய ஊசிக்குப் பெரிய கதை.

"அது முடியல சிஸ்டர். அவுக ஒம்பது பவுன்னு சொல்லி, பேசி முடிச்சு, அப்புறம்..." பாதங்கள் ஒருமுறை துள்ளி அடங்குகின்றன. ஊசி போயிற்று. "...அப்புறம் பைக்கு வேணும்னாக."

"யாரு, மாப்பிள்ளையா கேட்டான்?"

"மாப்பிள்ள கேக்கல. அவுக மாமன்."

"மூச்ச விட்டுக்கிட்டே சொல்லு. மாமன் என்ன பண்ணுறாரு?"

மாமனுக்கு விருதுநகரில் மண்டிக் கடை. மாமனுக்கும் மாப்பிள்ளையின் அம்மாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கால்விரல்கள் மெத்தை விரிப்பைக் கவ்வப் பார்க்கின்றன. உள்பக்கம் திரும்பியதைவிட்டு மட்டும் விலகவில்லை. மில்லிக்குப் பத்து விநாடி என்பது பாடப்புத்தகக் கணக்கு. இந்த மருந்துக்கு அதைவிடவும் நிதானம் வேண்டும், ஆனால் நடுவில் நிறுத்தவும் கூடாது. நிறுத்தினால் உறைந்து அடைக்கும். ஒரே அழுத்தமாகக் கட்டைவிரல் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். தட்டிக்கு மேலே சிஸ்டரின் நெற்றி நரம்பு புடைத்திருக்கிறது. இவரும் கதை கேட்கிற முகத்தோடுதான் இருக்கிறார். வெளியே ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவர் எட்டிப் பார்த்து, "சிஸ்டர், லைனு மருந்தகம் வரைக்கும் போயிருச்சு," என்கிறார். பதில் இல்லை.

மண்டிக் கடை மாமன் ஒருவழியாக நிச்சயதார்த்தத்தை முறித்தபோது சிஸ்டரின் உதடுகள் அசைகின்றன. ஒன்று, இரண்டு, மூன்று. மருந்து முழுக்க இறங்கிய பிறகும் ஊசியை எடுக்காமல் பத்து எண்ணுகிறார். மருந்து தசைக்குள் பரவ அந்தப் பத்து.

"எடுத்தாச்சு. நல்லதுக்குத்தான் முறிஞ்சுது, விடு. அமுக்கிக்கோ, தேய்க்காத. ஒடனே ஒக்காந்து கெடக்காம கொஞ்சம் நட."

அவன் ஒரு காலை ஊன்றாமல் தாங்கித் தாங்கி மேசைக்கு வருகிறான். வலிக்கவில்லை என்று சொல்ல முடியாத முகம். ஆனால் அழுத முகம் இல்லை. நோட்டை நீட்டுகிறான். சிஸ்டர் நாள்காட்டியைப் பார்த்து இருபத்தொரு நாள் கழித்து வரும் தேதியை எழுதுகிறார்.

"அன்னைக்கு நான் பிரசவ வார்டுல இருப்பேன்."

அவன் பிள்ளைகளைப் பார்க்கிறான். "எங்க போஸ்டிங்கும் அதுக்குள்ள முடிஞ்சிரும்ணே," என்கிறாள் கண்ணாடிக்காரி.

"அப்ப யாரு சிஸ்டர்?"

"யாராச்சும் இருப்பாங்க. நீ வாயத் தொறந்து சொல்லு. மருந்து ஏத்துனதும் வேற ஊசி மாத்தச் சொல்லு, மெதுவாப் போடச் சொல்லு."

"சொன்னாக் கோவிச்சுக்கிடுவாக. முன்ன ஒருக்க ஒருத்தர்கிட்டச் சொன்னேன். நீ என்ன டாக்டரான்னு கேட்டாக."

"கேக்கட்டும். கேட்டுட்டு மெதுவாப் போட்டாச் சரி."